பெருவற்றில் ஓடில்லாக் கடல் நத்தை தேடுவது: கூட்டப்புளி முதல் திருச்செந்தூர் வரை, புதியவர்களுக்கு

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி "திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது" என்று செய்தி வருவது வழக்கம். கோயிலுக்கு முன்னால் பச்சைப்பாசி படிந்த பாறைகள் வெளியே தெரியும். ஜனங்கள் அதில் ஏறி நின்று செல்ஃபி எடுப்பார்கள். 2004-ஐ நினைத்துச் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். நடப்பது பெருவற்று, அவ்வளவுதான். சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் தண்ணீர் வழக்கத்தைவிடக் கீழே இறங்குகிறது. செல்ஃபி எடுப்பவர்களின் காலடியில், பாசிக்கும் கடற்பஞ்சுக்கும் நடுவே, பச்சரிசி அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரை சில மெல்லுடலிகள் ஒட்டிக்கிடக்கும். அவற்றைக் கண்டுபிடிக்கவும் இன்னதென்று சொல்லவும்தான் இந்த வழிகாட்டி.

பெயர்

'ஸீ ஸ்லக்' என்பதற்குத் தமிழில் நிலைத்த பெயர் இல்லை. தயவுசெய்து 'கடல் அட்டை' என்று மட்டும் சொல்லாதீர்கள். நம் கரையில் கடல் அட்டை என்றால் வேறு உயிர். அது நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் பங்காளி, நத்தைக்கு உறவே இல்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டது. பிடித்தாலும் வைத்திருந்தாலும் குற்றம். "கடல் அட்டை தேடி வந்திருக்கோம் அண்ணாச்சி" என்று ஒரு கடற்கரை ஊரில் போய்ச் சொன்னால், கேட்பவர் உங்களைக் கடத்தல்காரர் என்றுதான் நினைப்பார். அதில் அவர்மேல் தப்பில்லை.

நாம் தேடுவது நத்தை. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்குச் சுருள் ஓடு உண்டு. வளரும்போது பெரும்பாலானவை அதை உதறிவிடும். சிலவற்றில் மெல்லிய தகடாக உடம்புக்குள்ளேயே தங்கிவிடும். ஆகவே ஓடில்லாக் கடல் நத்தை. கீழே சுருக்கமாக ஓடிலி என்றே எழுதுகிறோம்.

நாளும் நேரமும்

நம் கரையில் நீர் அதிகம் இறங்காது என்பதை முதலில் மனதில் வையுங்கள். மும்பையிலும் கட்ச் வளைகுடாவிலும் மீட்டர் கணக்கில் கடல் வற்றும். அங்குள்ளவர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு இங்கே வந்தால் ஏமாற்றம்தான். மன்னார் வளைகுடாப் பக்கம் பெருவற்று நாளில்கூட ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைத் தொடாது. எனவே பத்து சென்டிமீட்டர்கூட நமக்குப் பெரிய விஷயம்.

அமாவாசை, பௌர்ணமி அன்றும் அதற்கடுத்த மூன்று நாட்களும் நல்ல நாட்கள். வளர்பிறை, தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நாட்களில் நீர் அரைகுறையாகத்தான் இறங்கும். அஷ்டமி நவமி ஆகாது என்பது இந்த ஒரு காரியத்தில் அறிவியல்படியும் சரி. ஒரு வற்றுக்கும் அடுத்த வற்றுக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். நேரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 6 மணிக்கு வற்று என்றால் நாளை 6.50 வாக்கில் எதிர்பார்க்கலாம்.

ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியலை, ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். இந்திய நில அளவைத் துறையும் ஆண்டுதோறும் அட்டவணை வெளியிடுகிறது. தூத்துக்குடிக்கான பக்கத்தை எடுத்து, வற்றின் உயரம் 0.3 மீட்டரோ அதற்குக் கீழோ உள்ள நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உவரிக்கும் இடிந்தகரைக்கும் நேரம் கொஞ்சம் முன்பின் இருக்கும். முதல் தடவை போகும்போது சீக்கிரமாகப் போய்ச் சரிபார்ப்பது நல்லது.

அட்டவணை சொல்வது வானத்தின் கணக்கை மட்டும். கடலிலிருந்து கரை நோக்கிக் காற்று அடித்தால் நீர் சொன்ன அளவுக்கு இறங்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்றும் தென்மேற்குப் பருவ அலையும் தென்கரையைப் பாறையில் கால் வைக்க விடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் கலங்கி, பாறைக் குட்டைகளில் மழைநீர் நிறைந்து, உப்புக் குறைந்துவிடும். ஓடிலிகளுக்கு அது ஆகாது. தை பிறந்தது முதல் பங்குனி முடிய, அதாவது ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை, நீர் தெளிந்து அலை தணிந்திருக்கும். புதியவர்கள் அந்த மூன்று மாதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இடம்

மணல் மட்டுமே உள்ள கரையில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். பாறை வேண்டும். பாறையிலும் பள்ளமும் விளிம்பும் நிழலும் வேண்டும். கூட்டப்புளி, இடிந்தகரை, உவரி, மணப்பாடு, திருச்செந்தூர் இவற்றிலெல்லாம் கரையோரப் பாறைத் திட்டுகள் உண்டு. சுண்ணாம்பும் மணலும் இறுகிய பாறை என்பதால் அலை குடைந்து குடைந்து தேன்கூடு போல் ஆகியிருக்கும். ஓடிலிகளுக்கு அந்தப் பொந்துகளே வீடு. மணப்பாட்டில் திருச்சிலுவை ஆலயம் நிற்கும் குன்றின் அடிவாரம் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் காயல். ஒரே வற்றில் இரண்டு விதமான இடத்தையும் பார்த்துவிடலாம்.

கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டிய கரைப்பக்கம் கேமராவோடு போகாதீர்கள், அது பாதுகாப்புப் பகுதி. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக்கூடாது.

எந்தக் கடற்கரை ஊருக்குப் போனாலும் முதலில் கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர்களிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். கனிம மணல், அணு உலை என்று பார்த்துச் சலித்த ஊர்கள் இவை. குனிந்து குனிந்து பாறையைப் படம் பிடிக்கும் வெளியூர்க்காரரைச் சந்தேகிக்கத்தான் செய்வார்கள். ஊர்க் கமிட்டியில் ஒருவரிடம் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. "என்னத்தவே தேடுதிய?" என்று கேட்டுக்கொண்டு பின்னாலேயே வரும் பையன்களை விரட்டாதீர்கள். எந்தப் பள்ளத்தில் எது கிடக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

கையில் வேண்டியவை

பாறையில் பிடிக்கும் ரப்பர் அடியுள்ள, விரல் மூடிய ஷூ. செருப்பு வேண்டாம், பாசியில் வழுக்கும், அலை உருவிக்கொண்டு போய்விடும். கொட்டலசு என்று சொல்லப்படும் கூர்மையான ஒட்டுச் சிப்பிகள் பாதத்தைக் கத்தி போலக் கீறும். வெள்ளை நிற ஐஸ்கிரீம் டப்பா இரண்டு. 15 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் ஸ்கேல். நகைக்கடையில் கல் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ். டார்ச். நனையாத உறையில் போன். ஒரு மென்மையான ஓவியத் தூரிகை.

கூடவே ஒரு கறுப்புக் குடை. வெயிலுக்கு அல்ல. குட்டையின்மேல் குடையைச் சாய்த்துப் பிடித்தால் வானத்தின் பளபளப்பு நீரில் தெரியாது, அடி வரை பார்க்கலாம். விலையுயர்ந்த போலரைஸ்டு கண்ணாடி செய்யும் வேலையில் பாதியைக் குடை செய்துவிடும். நீர் நெளிந்தால், அடி தட்டையான ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பாவை நீர்மேல் லேசாக அழுத்தி அதன் வழியே பாருங்கள்.

கையில் சன்ஸ்கிரீன், கொசு மருந்து, எண்ணெய் எதுவும் இருக்கக்கூடாது. ஓடிலியின் தோல் நம் கண்விழி மாதிரி. பட்டதெல்லாம் உள்ளே போகும்.

பாறையில் இறங்குமுன்

பத்து நிமிடம் கரையிலேயே நின்று கடலைப் பாருங்கள். அலைகள் சிறிதும் பெரிதுமாகக் கூட்டம் கூட்டமாக வரும். பெரிய கூட்டம் எதுவரை ஏறுகிறது என்று பார்த்து, அதற்கு மேலேயே பையை வையுங்கள். சித்திரை, வைகாசியில் காற்றே இல்லாத நாளில்கூடத் திடீரென்று பேரலை ஏறும். வெகு தொலைவில், தெற்கே இந்தியப் பெருங்கடலில் வீசிய புயலின் மிச்சம் அது. கள்ளக்கடல் என்பார்கள். இன்காய்ஸ் அதற்கு முன்னெச்சரிக்கை விடும். எச்சரிக்கை உள்ள நாளில் வற்று எவ்வளவு அருமையாக இருந்தாலும் வீட்டிலேயே இருங்கள்.

இருவராகப் போங்கள். ஒருவர் குனிந்திருக்கும்போது மற்றவர் கடலைப் பார்த்து நிற்க வேண்டும். வற்று முடிந்து முக்கால் மணி நேரத்துக்குள் பாறையை விட்டு மேலே வந்துவிடுங்கள். நீர் முன்பக்கமாக மட்டும் ஏறாது. பாறைக்கும் கரைக்கும் இடையிலுள்ள வாய்க்காலை முதலில் நிரப்பும், திரும்பும் வழி அடைபடும்.

பார்க்க முடியாத பொந்தில் கை விடாதீர்கள். முள்ளெலியின் முள் ஏறினால் உடைந்து உள்ளேயே நின்றுவிடும். கூம்பு வடிவச் சங்கு, அதாவது கோன் ஷெல், எவ்வளவு அழகாக இருந்தாலும் உயிரோடு இருப்பதைத் தொடவே கூடாது. அது விஷ ஊசியால் குத்தும், ஆளைக் கொல்லக்கூடிய இனங்களும் அதில் உண்டு. 108-ஐயும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-ஐயும் போனில் முன்பே பதிந்து வையுங்கள்.

தேடும் முறை

வற்று நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே வந்துவிடுங்கள். நீர் இறங்க இறங்க அதன் பின்னாலேயே நீங்களும் இறங்குங்கள். நண்டு பிடிக்கிறவர் நடப்பதுபோல் நாலாபக்கமும் நடந்தால் ஒன்றும் கிடைக்காது. ஒரு குட்டைக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். முதல் இரண்டு நிமிடம் எதுவுமே தெரியாது. பிறகு கண் பழகும். பாசி என்று நினைத்தது நகரும்.

மேல்பாறையில், கொட்டலசும் சிறு நத்தையும் மட்டும் இருக்கும் காய்ந்த பகுதியில் ஓடிலி கிடையாது. நடுப்பாறையில் தட்டைப் பச்சைப்பாசி படர்ந்திருக்கும். அங்கே கடல் முயல் என்ற பெரிய ஓடிலி கிடைக்கலாம். பெருவற்றில் மட்டுமே வெளியே வரும் கீழ்விளிம்புதான் பொக்கிஷம். விளிம்பின் அடிப்பக்கம் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகக் கடற்பஞ்சு அப்பியிருக்கும், ஹைட்ராய்டுகள், அதாவது மெல்லிய இறகு போன்ற செடி மாதிரித் தெரியும் சிறு விலங்குகள், ஆடிக்கொண்டிருக்கும். உங்கள் நேரத்தில் முக்கால்வாசி அங்கேதான் போக வேண்டும்.

ஓடிலியைத் தேடாதீர்கள், அதன் சாப்பாட்டைத் தேடுங்கள். இவை கண்டதையும் தின்னும் உயிர்கள் அல்ல. பல இனங்கள் ஒரே ஒரு வகைக் கடற்பஞ்சையோ ஒரே பாசியையோ தின்று வாழ்பவை. நீலக் கடற்பஞ்சு தெரிந்தால் அதன்மேல் வெள்ளை உடம்பில் கறுப்பு வளையம் போட்ட ஜொருன்னா ஃபியூனெப்ரிஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஹைட்ராய்டுக் கொத்து என்றால் போர்னெல்லா. இறகு மாதிரி பச்சைப்பாசி, திராட்சைக் கொத்து மாதிரி பாசி, காசு கோத்த மாதிரி பாசி இவற்றில் இலை போன்ற எலீசியா ஒட்டியிருக்கலாம். நிறமும் பாசியின் நிறமே என்பதால் தூரிகையால் ஒவ்வொரு கிளையாக ஒதுக்கிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது தடயம் முட்டை. முட்டை ஓடாது, ஒளியாது, சொந்தக்காரரைவிடப் பெரிதாகவும் இருக்கும். பாறையில் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை நிறத்தில் இடியாப்பம் பிழிந்து வைத்த மாதிரி சிக்கலாகக் கிடந்தால் கடல் முயல் இட்டது. ரிப்பன் பக்கோடாவை நிமிர்த்திச் சுருட்டி ஒட்டிய மாதிரி, அடி ஒட்டி மேல்விளிம்பு நெளிந்திருந்தால் நியூடிபிராங்க் இட்டது. ஓடிலிகளில் அது ஒரு பெரிய பிரிவு, கீழே வரும் டோரிட், ஏயோலிட் எல்லாம் அதில் அடக்கம். முட்டையைக் கண்டால் அதைச் சுற்றி ஒரு முழ தூரத்தை அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். ஏறக்குறைய எல்லா ஓடிலியும் ஆண், பெண் இரண்டும் ஆனவை. ஒன்று இருந்தால் பக்கத்தில் இன்னொன்று இருக்க வாய்ப்பு அதிகம்.

கல்லைப் புரட்டுவதற்கும் முறை உண்டு. கல்லின் தூர விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். அடியிலிருந்து எதுவும் பாய்ந்தால் கல்லே கேடயம். முதலில் கல்லின் அடியைப் பாருங்கள், பிறகு கிடந்த இடத்தை. பார்த்ததும் இருந்தபடியே, அதே பக்கம் கீழாக, மெதுவாக இறக்கி வையுங்கள். புரட்டிய கல்லை அப்படியே விட்டுப்போவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய கொலை. அடியிலிருந்த கடற்பஞ்சு வெயிலில் காயும், மேலிருந்த பாசி இருட்டில் அழுகும். இரண்டும் போனால் ஓடிலிக்கும் அங்கே வேலை இல்லை. இரண்டு கையால் தூக்க முடியாத கல்லைத் தொடவே வேண்டாம். பவளம் உயிரோடு இருக்கும் கல்லையும் தொடக்கூடாது, சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

நீருக்கு வெளியே ஓடிலி எப்படி இருக்கும் என்று தெரியாததால் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். கொம்பும் செவுளும் உள்ளே இழுத்துக்கொண்டு, யாரோ துப்பிய சளி மாதிரி ஒரு கட்டி. சந்தேகமான கட்டியைக் கண்டால் விரலால் பிய்க்காதீர்கள். தூரிகையால் ஓரத்திலிருந்து மெல்ல நெம்பி, அதே குட்டையின் நீர் நிரப்பிய டப்பாவில் விடுங்கள். மூன்று நிமிடம் அசையாமல் காத்திருங்கள். ஓடிலி என்றால் கொம்பு நீட்டும், பிறகு செவுள் விரியும்.

டப்பா நீர் வெயிலில் வெகு சீக்கிரம் சூடாகும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், குடை நிழலில் வையுங்கள். குழாய்த் தண்ணீர் ஒரு துளியும் ஆகாது. உப்பில்லா நீர் உடம்புக்குள் புகுந்து வீங்கிச் செத்துவிடும். ஒரு டப்பாவில் ஒன்றுதான். ஃபில்லிடியா குடும்பத்தவை விடும் கோழை அதே டப்பாவில் உள்ள மீனையும் மற்ற ஓடிலியையும் கொல்லும். பக்கச்செவுள் நத்தைகளில் சில அமிலமே சுரக்கும். பார்த்து முடித்ததும் எடுத்த அதே இடத்தில், அதே பாசியிலோ கடற்பஞ்சிலோ விடுங்கள். வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுபோனால் அதன் ஒரே சாப்பாடு அங்கே கிடைக்காது, பட்டினியில் சாகும்.

இது அதுதானா?

முதல் நாளில் நீங்கள் 'கண்டுபிடிக்கும்' முதல் ஓடிலி பெரும்பாலும் ஓடிலியாக இருக்காது. வெறும் பாறையில், காற்றில், வெயில் சாயும் நேரத்தில் சாவகாசமாக ஊர்ந்துகொண்டிருக்கும், முதுகெல்லாம் மரு வைத்த, சாம்பல் பழுப்பு நிற உருண்டை பெரோனியா. அது காற்றைச் சுவாசிக்கும் வேறொரு வகை நத்தை. உண்மையான ஓடிலி வற்றில் நீருக்கு வெளியே உலாவாது, மாட்டிக்கொண்டால் சுருண்டு கிடக்கும்.

அடுத்த ஏமாற்று தட்டைப்புழு. நிறத்தில் நியூடிபிராங்கையே தோற்கடிக்கும். ஆனால் காகிதம் போல மெல்லிசு, முதுகில் செவுள் கிடையாது. தலையில் கொம்பு போலத் தெரிவது ஓரத்தோல் மடிந்த மடிப்புதான், தனி உறுப்பு அல்ல. ஓடிலி ஊர்வதைவிட வேகமாக, துணி நழுவுவதுபோல் போகும். தூரிகையால் தூக்கினாலே கிழியும், தொடாதீர்கள்.

கடல் அட்டைக்குத் தலையும் கொம்பும் இல்லை. அடியில் குழாய்க் கால்கள், வாயைச் சுற்றி விரல்கள். பாறையில் ஒட்டிக்கிடக்கும் கைட்டான் என்ற மெல்லுடலியின் முதுகில் எட்டுத் தகடு இருக்கும். சோழியும் நம்மை ஏமாற்றும்: உயிருள்ள சோழி தன் தோலை ஓட்டின்மேல் முழுக்கப் போர்த்திக்கொள்ளும். லேசாகத் தொட்டால் போர்வையை இழுத்து வழவழப்பான ஓட்டைக் காட்டிவிடும்.

எந்தக் கூட்டம்?

நிறத்தைப் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள். ஒரே இனத்தில் குஞ்சுக்கு ஒரு நிறம், வளர்ந்ததற்கு ஒரு நிறம். வெவ்வேறு இனங்கள் ஒரே எச்சரிக்கை நிறத்தைப் பங்குபோட்டுக்கொள்வதும் உண்டு. உறுப்பைப் பாருங்கள்: முதலில் தலைக்கொம்பு, அடுத்து செவுள், அதற்கடுத்து முதுகு.

முதுகின் பின்பாதியில் பூக்கொத்து போலச் செவுள் விரிந்திருந்தால் அது டோரிட். தலைக்கொம்பில் திருகாணி மாதிரி மடிப்புகள் இருக்கும். தொட்டால் கொத்து ஒரு பைக்குள் போய்விடும், திரும்ப வெளியே வரப் பல நிமிடம் ஆகும்; எனவே தொடுமுன் படம் எடுங்கள். மேலே சொன்ன ஜொருன்னா இந்தக் கூட்டம். சாம்பல் வெள்ளை உடம்பில் மஞ்சளும் கருநீலமுமாகப் புள்ளி தெளித்து, கொம்பு சிவந்திருந்தால் ஹிப்செலோடோரிஸ் இன்ஃபுகாட்டா என்று சந்தேகிக்கலாம். ஆரஞ்சு உடம்பில் வெள்ளை நூல் வலை பின்னியிருந்தால் டோரியாப்சில்லா மினியாட்டா. முதுகில் கடினமான புடைப்புகள், மேலே செவுளே இல்லை என்றால் ஃபில்லிடியா குடும்பம். செவுள் மேலங்கிக்கு, அதாவது முதுகைப் போர்த்திய தோலுக்கு, அடியில் ஒளிந்திருக்கும்.

முதுகு முழுக்க விரல் விரலாகத் தொங்கினால் ஏயோலிட். பெரும்பாலானவை ஹைட்ராய்டையும் கடல் சாமந்தியையும் தின்று, அவற்றின் கொட்டும் செல்களை வெடிக்காமல் அந்த விரல் நுனியில் சேமித்து வைக்கும். திருடிய துப்பாக்கி. இந்தக் கூட்டத்தில் நீல டிராகன் எனப்படும் கிளாக்கஸ் பாறையில் இருக்காது. கடலின் மேற்பரப்பில் மிதக்கும், காற்று தள்ளினால் கரையில் ஒதுங்கும். அது தின்பது கொட்டும் பாய்மரச் சொறிமீனை என்பதால் அதன் கொட்டு கடுமை. நீலமாக எது ஒதுங்கிக் கிடந்தாலும் வெறுங்கையால் எடுக்க வேண்டாம்.

முதுகில் இருபுறமும் கிளைவிட்ட தூண்கள், வெள்ளையில் செம்மஞ்சள் வலை, தொந்தரவு செய்தால் பக்கவாட்டில் நெளிந்து நீந்துகிறது என்றால் போர்னெல்லா ஸ்டெல்லிஃபெரா.

தலைக்கொம்பு சுருட்டிய வெற்றிலை மாதிரிக் குழலாக இருந்து, உடம்பும் பச்சையாக இருந்தால் சாறுறிஞ்சி. எலீசியா இந்த வகை. பாசியின் செல்லைக் குத்திச் சாற்றை உறிஞ்சி, அதிலுள்ள பசுங்கணிகத்தைச் செரிக்காமல் உடம்பில் வைத்துக்கொள்ளும். பச்சை நிறம் அதன் சொந்தம் அல்ல. பச்சை இலையின் ஓரத்தில் ஆரஞ்சும் கறுப்பும் கரை போட்டிருந்தால் எலீசியா ஆர்னாட்டா.

குழல் கொம்பு, பெரிய உடம்பு, முதுகில் இரண்டு பக்க மடல்கள் என்றால் கடல் முயல். புதியவர்களுக்கு முதலில் வசப்படுவது இதுதான். அப்ளீசியாவின் மடல்கள் விரியும். டொலபெல்லாவின் பின்பகுதி சாய்வாக அரிவாளால் வெட்டிய கட்டை மாதிரி இருக்கும். உடம்பெல்லாம் கந்தல் கந்தலாகத் தொங்கி, நடுவில் கண் போன்ற மின்னும் நீலப் புள்ளிகள் இருந்தால் பர்சடெல்லா லீச்சியை. காயல் ஓரச் சேறும் மணலும் கலந்த அடியில் கூட்டமாக இருக்கும். மெல்லிய பழுப்புக் கோடுகள் நீளவாட்டில் ஓடி, நீலப் புள்ளிகள் இருந்தால் ஸ்டைலோகைலஸ். கடல் முயல்களில் பல, தொந்தரவு செய்தால் கத்திரிப்பூ நிற மையைக் கக்கும். பயப்பட வேண்டாம், ஆனால் வேட்டி சட்டையில் பட்டால் போகாது, கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்க்கவும் கூடாது. மை கக்க வைத்து வீடியோ எடுப்பது சிலருக்கு விளையாட்டு. அது அந்த உயிரின் தற்காப்பு, விளையாட்டுக்காகத் தீர்த்துவிடாதீர்கள்.

முதுகில் ஒன்றுமில்லாமல் வலது பக்கம் மட்டும் மேலங்கிக்கு அடியில் ஒரே இறகுச் செவுள் தெரிந்தால் பக்கச்செவுள் நத்தை. ரோஜா இதழ் போல விரிந்த உடம்பின்மேல் காகிதம் போன்ற மெல்லிய ஓடு, அதில் பழுப்புக் கோடுகள் என்றால் ஹைடடினா. ஓடு இருந்தாலும் இதுவும் நம் கூட்டத்துக்குப் பங்காளிதான்.

படமும் குறிப்பும்

ஒரு ஓடிலிக்கு ஆறு படம்: மேலிருந்து முழு உடம்பு, வலது பக்கம், தலைக்கொம்பு நெருக்கமாக, செவுள் நெருக்கமாக, ஒளிபுகும் டப்பாவின் அடி வழியாகப் பாதம், எடுத்த இடமும் அது இருந்த பாசியோ கடற்பஞ்சோ. ஒரு படத்தில் ஸ்கேல் இருக்கட்டும், ஊர்ந்து நீண்டிருக்கும்போது அளந்துகொள்ளுங்கள். சுருண்டபோது அளந்தால் பாதிதான் வரும். ஃபிளாஷை நேராக அடித்தால் ஈர உடம்பில் வெள்ளைத் திட்டு விழுந்து புள்ளிகள் மறைந்துவிடும். குடை நிழலில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள்.

உயிரோடு இருக்கும்போதே நிறத்தைப் பதிவு செய்வதற்குக் காரணம் உண்டு. சாராயத்தில் போட்டால் நிறமெல்லாம் கழன்றுவிடும். 1864-இல் ஆல்டர், ஹான்காக் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர்கள் இருவரும் இந்தியக் கரையின் நியூடிபிராங்குகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரைக்கு, மதராஸ் அரசில் வேலை பார்த்த வால்டர் எலியட் விசாகப்பட்டினம் பக்கம் சேகரித்தவையே ஆதாரம். அங்கே உயிரோடு பார்த்து வரைந்த வண்ணப் படங்கள் கூடவே போனதால்தான் அந்த விவரிப்புகள் இன்றும் பயன்படுகின்றன. கலிங்கா என்றொரு பேரினமே அதில்தான் பெயர் பெற்றது. உங்கள் போன் இன்று செய்வது அதே வேலையை.

குறிப்பு இப்படி இருந்தால் போதும்: "மணப்பாடு, குன்றின் தென்புறப் பாறை. தேதி. வற்றுக்கு 20 நிமிடம் முன்பு. முழங்கால் ஆழக் குட்டை, விளிம்பின் அடிப்பக்கம், நீலக் கடற்பஞ்சின்மேல். நீளம் 42 மி.மீ. பக்கத்தில் வெள்ளை ரிப்பன் முட்டை ஒன்று. இரண்டு இருந்தன, ஒன்றை மட்டும் படம் எடுத்தோம். திரும்ப அதே இடத்தில் விட்டாயிற்று." எதையும் காணாத நாளையும் எழுதுங்கள். எந்தக் குட்டை, எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், ஒன்றுமில்லை என்பதும் கணக்கில் சேரும்.

படங்களை ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் நத்தை ஆய்வாளர் பார்த்துப் பெயர் சொல்வார். தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளன. ஆறு படமும் ஒழுங்கான குறிப்பும் இருந்தால் அங்கே கேட்கலாம். செவுள் தெரியாத ஒற்றைப் படத்தை வைத்துக்கொண்டு இனப்பெயர் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட பதிவில் 'டோரிட்' என்றோ 'எலீசியா' என்றோ கூட்டத்தின் பெயரோடு நிறுத்திவிட்டு, அடுத்த பெருவற்றில் அதே குட்டைக்குப் போங்கள்.